சாளரத்துக்கு மேல் ஓர் அலகு

மேற்கு மலைகளில் மழைக்கு ஓய்வென்பதே தெரியாத காலத்தில், மலையடியில் கொற்றமாறன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்ல அரசன்தான். வரி குறைவு, கோபம் குறைவு, தூக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம். அவன் மனைவி பெயர் தேமொழி. நாட்டில் எல்லோரும் அரசனுக்குப் பயந்தார்கள். அரசன் தேமொழிக்குப் பயந்தான். உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது, கதையைக் கேளுங்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசிக்கு நிறைமாதம் ஆனதும் அவளை ஓர் அறையில் இருத்தி, வாசலைக் களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். கூட ஒரு மருத்துவச்சி மட்டும் இருப்பாள். சின்னதாக ஒரு சாளரம் திறந்திருக்கும். பிள்ளை பிறக்கும்வரை அந்தச் சாளரம் வழியாக அரசனே தன் கையால் மனைவிக்குச் சோறு ஊட்ட வேண்டும். வேறு யார் கையும் படக் கூடாது. எந்தக் காலத்தில், யாரைப் பார்த்து இப்படி ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தச் சாளரத்துக்கு மேல் புதிதாக ஓர் இருவாச்சி அலகு தொங்க வேண்டும். தொங்கினால்தான் சுகப்பிரசவம் என்று நம்பினார்கள்.

இருவாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? கழுகைப் போலப் பெரிய பறவை. நீண்டு வளைந்த மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கொண்டை. அது பறந்து போனால் கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். மரத்தடியில் நிற்பவன் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது.

அரசன் வீட்டில் அலகு தொங்கினால் அமைச்சர் வீட்டில் தொங்க வேண்டாமா? அமைச்சர் வீட்டில் தொங்கினால் தளபதி வீடு என்ன குறைச்சல்? இப்படி ஊரெல்லாம் அலகு தொங்கியது. பிறகு பதுமன் என்ற வணிகன் அதைக் கப்பலேற்றினான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சீமான்கள் அதை வாங்கிக் கூடத்தில் மாட்டி, தாங்களே காடேறி வேட்டையாடியதுபோல மீசையை முறுக்கிக்கொண்டார்கள். பறவை குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏறப் பறவை குறைந்தது.

தேமொழிக்கு நிறைமாதம் வந்தது. வாசலை அடைத்தார்கள். கொற்றமாறன் அலகு தேடி வில்லோடு புறப்பட்டான். பதுமனும் கூடவே ஒட்டிக்கொண்டான்.

முதல் மலையில் துருத்திச் சத்தம் கேட்கவில்லை. இரண்டாம் மலையிலும் கேட்கவில்லை. மூன்றாம் மலையில் கேட்டது. ஒரே ஓர் ஆண் இருவாச்சி பள்ளத்தாக்கைத் தாண்டி அவசரமாகப் பறந்து வந்தது. பழம் பழுக்கும் அந்த மாதங்களில் ஆண் பறவைதான் கண்ணில் படும். பெண் பறவை எங்கே போயிற்று என்று இத்தனை தலைமுறையில் எந்த வேட்டைக்காரனும் கேட்டதில்லை. அரசனும் கேட்கவில்லை. அம்பை விட்டான்.

பறவை அவன் காலடியில் விழுந்தது. விழுந்த வேகத்தில் அதன் தொண்டையிலிருந்து அத்திப்பழங்கள் உருண்டு வந்தன. ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தன. ஒரு பழத்தில்கூடக் கடித்த தடம் இல்லை. அரசனுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் அலகை எடுத்துக்கொண்டு வந்து சாளரத்துக்கு மேல் மாட்டிவிட்டு, நெய்ச்சோறு பிசைந்து கையை உள்ளே நீட்டினான்.

நீட்டிய கையோடு, மனசு கேட்காமல், பழம் உருண்ட கதையையும் சொல்லிவிட்டான்.

தேமொழி வாயைத் திறக்கவில்லை.

"பசிக்கவில்லையா?"

"பசிக்கிறது. அந்தப் பறவைக்கும் பசித்திருக்கும். தனக்காகப் பறித்திருந்தால் விழுங்கியிருக்கும். விழுங்காமல் தொண்டையில் வைத்துக்கொண்டு ஏன் அப்படி ஓடியது?"

அரசன் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான்.

"உங்கள் கையில் இருக்கிற சோற்றை நீங்கள் ஏன் தின்னவில்லை?" என்று கேட்டாள் தேமொழி.

"இது உனக்கு."

"அப்படியென்றால் அது யாருக்கு?"

கொற்றமாறன் கையிலிருந்த சோற்றைச் சாளரத்து விளிம்பில் வைத்தான்.

"எங்கேயோ என்னைப் போல ஒருத்தி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்," என்றாள் தேமொழி. "அவள் வாய்க்கு ஒரு பழமாவது போகட்டும். அதற்கப்புறம் எனக்கு ஊட்டுங்கள். அதுவரை தண்ணீர் போதும்."

நிறைமாதக்காரி பட்டினி கிடக்கிறாள் என்றால் எந்தப் புருஷனுக்குக் கால் தரையில் நிற்கும்? அரசன் மறுபடியும் மலைக்கு ஓடினான். பறவை விழுந்த இடத்தில் நின்று, அது போக இருந்த திசையில் நடந்தான். ஓரிடத்தில் ஒரு பெரிய மரத்தடி முழுக்கப் பழக்கொட்டையும் தோலும் குவிந்து கிடந்தன. நிமிர்ந்து பார்த்தான். உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாய் மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்திருந்தது. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. பிளவில் ஓர் அலகின் நுனி தெரிந்தது.

நாட்டு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அரசனுக்கு அப்போது புரிந்தது. யாரைப் பார்த்துப் பிள்ளைப்பேறு கற்றுக்கொண்டார்களோ, அவர்களையே கொன்று வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

பின்னால் வந்த பதுமனும் பார்த்துவிட்டான். அவனுக்கு வேறு ஒன்று புரிந்தது.

"அரசே, உள்ளே தாயும் இருக்கிறது, குஞ்சு கத்துவதும் கேட்கிறது. கீழே கிடக்கிற இறகைப் பாருங்கள், தாய் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது, பறந்து தப்பாது. இந்த மலையில் இதுதான் கடைசி. கடைசிப் பொருளுக்கு விலையே வேறு. ஒரு கோடரி கொடுத்தால் போதும்," என்றான்.

கொற்றமாறனுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது. "என் மனைவியும் இந்த நிமிஷம் இப்படித்தான் இருக்கிறாள். அங்கேயும் கோடரி எடுத்துக்கொண்டு போவாயா? இனி இந்த நாட்டில் அலகு விற்றாலும் வாங்கினாலும் மாட்டினாலும் குற்றம். நீ இன்றே கப்பலேறு," என்றான். பதுமன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

அரசன் மரத்தில் ஏறினான். இடுப்புப் பையிலிருந்த பொன் கரண்டியில் ஓர் அத்திப்பழம் வைத்து நீட்டினான். அலகு உள்ளே போய்விட்டது. கரண்டியை எறிந்துவிட்டு வெறுங்கையில் நீட்டினான். உள்ளே இன்னும் ஒதுங்கிக்கொண்டது. குஞ்சு பசியில் கத்துவது அவனுக்குக் கேட்டது. கிளையில் உட்கார்ந்து அழுதான், அரசன் என்று பார்க்காமல் அழுதான்.

பிறகு இறங்கி, அரண்மனைக்கு ஓடி, சாளரத்துக்கு மேல் மாட்டியிருந்த அலகைக் கழற்றினான்.

அரண்மனைச் சோதிடர் குறுக்கே வந்து விழுந்தார். "அரசே, கழற்றினால் பிரசவத்துக்கு ஆகாது!"

"வழிவிடும் ஐயா. இதற்கு வேலை இருக்கிறது," என்றான் அரசன்.

மூன்றாம் முறையாக மலையேறிப் போய் மரத்தில் ஏறியபோது, அந்த அலகின் உள்ளே விரலை விட்டு, நுனியில் ஒரு பழத்தைக் கவ்வவைத்து, பிளவுக்கு நேராக நீட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளிருந்து ஓர் அலகு மெல்ல வந்தது. பழத்தை வாங்கிக்கொண்டது. குஞ்சின் சத்தம் நின்றது. அரசன் அடுத்த பழத்தை வைத்தான்.

அன்று தேமொழி சாப்பிட்டாள்.

அதிலிருந்து விடிந்ததும் ஒரு சாளரம், பிறகு இன்னொரு சாளரம் என்று அரசன் ஓடினான். அவன் முழங்கால் சிராய்த்தது, தொப்பை கரைந்தது, தூக்கமும் குறைந்தது. மக்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பார்த்துப் பார்த்து, தங்கள் வீட்டு அலகுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அந்த மரத்தடியில் புதைத்தார்கள். தேமொழிக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. எந்த அலகும் தொங்காமலே சுகமாகப் பிறந்தது. அன்றைக்கும் அரசன் மலையேறினான்.

ஒரு நாள் அவன் போனபோது பொந்தின் பூச்சு உடைந்து கிடந்தது. தாய் இருவாச்சி புது இறகுகளோடு வெளியே கிளையில் உட்கார்ந்திருந்தாள். அரசன் ஆசையாகப் பழக்கூடையைத் தூக்கிக் காட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். காத்திருந்தாள். பறந்துபோய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி குரல் கொடுத்தாள். மறுபடி காத்திருந்தாள். பிறகு தனியாகவே போய்ப் பழம் பொறுக்கிக்கொண்டு வந்து குஞ்சுக்கு ஊட்டினாள். ஊட்டி முடித்து, இன்னொரு முறை கூப்பிட்டாள்.

அரசன் இறங்கி வீட்டுக்கு வந்தான். தேமொழி மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளியே வந்துவிட்டாளா?"

"வந்துவிட்டாள். நன்றாகப் பறக்கிறாள்."

"அப்புறம் ஏன் அழுகிறீர்கள்?"

"அவனைக் கூப்பிடுகிறாள், தேமொழி. பழம் என்னால் கொடுக்க முடிந்தது. பதில் கொடுக்க முடியவில்லை."

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, காட்டு உயிரைக் கொன்று அதன் அலகையும் கொம்பையும் தோலையும் பெருமைக்காக மாட்டுகிறவனும் விற்கிறவனும் வாங்குகிறவனும், தங்களால் ஒருநாளும் திருப்பித் தர முடியாத ஒன்றைத் திருடுகிறார்கள்.