அந்துப்பூச்சி செய்த சத்தியம்

பறப்பதும் ஊர்வதும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கரிசல் காட்டில் மாடத்தி என்றொரு சம்சாரி சோளம் விதைத்தாள். இரண்டு வருஷம் கதிர் பால் பிடித்த நேரம் பார்த்து அந்துப்பூச்சிகள் வந்து முட்டையிட்டன. புழுக்கள் தின்றதுபோக அவளுக்கு வெறும் தட்டைதான் மிஞ்சியது. மூன்றாம் வருஷமும் பூச்சிகள் வந்து இறங்கின.

விடிந்ததும் மாடத்தி ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்தாள்.

"எங்கேயிருந்து வாறீங்க?"

"இந்த ஊர்தான். பக்கத்துக் காட்டுச் சுடலியோட அவரைக்கொடியிலதான் பிறந்தோம், அங்கேயே வளர்ந்தோம்" என்றது பூச்சி, சற்றும் தயங்காமல்.

மாடத்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூச்சியைக் கைக்குள் மூடியபடியே, மறுகையில் தீப்பந்தத்தோடு சுடலியின் காட்டுக்கு நடந்தாள். சுடலி ஓடிவந்து கொடிக்கு முன்னால் நின்றாள்.

"மதினி, இதைக் கொளுத்திட்டா என் பிள்ளைகளுக்கு நான் என்னத்தக் கொடுப்பேன்? அது சொல்றது பொய்!"

அந்த வார்த்தையில் மாடத்தியின் கை தாழ்ந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் சுடலி பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. கைப்பிடியைத் தளர்த்திப் பூச்சியிடம், "நீ சொன்னது நிஜம்னா சத்தியம் பண்ணு" என்றாள்.

சத்தியத்துக்கு வலு இருந்த காலம் அது. பூச்சிக்கு அதெல்லாம் தெரியாது. "வேற்றூர்ப் பூவில நான் வாய் வச்சிருந்தா, அந்தப் பூவோட பொடி என் மூஞ்சியிலேயே ஒட்டட்டும்!" என்று வீராப்பாகச் சொன்னது.

சொல்லி முடிக்கவில்லை, அதன் மூஞ்சியிலும் சுருண்ட நாக்கிலும் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டது. பூச்சி காலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தது. போகவில்லை.

அவரைப்பூவைப் பறித்து உதறி ஒப்பிட்டார்கள். இது வேறு பொடி. ஊரில் யாருக்கும் அது என்ன பூ என்று தெரியவில்லை. அன்று உச்சிவேளையில் பொதிமாடுகளோடு வந்த உப்பு வணிகர் மாசானம் பொடியை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இது புன்னை, தாயி. பத்து நாள் நடைக்கு அந்தாண்ட, கடலோரத்துல பூக்கிற மரம். கீழ்க்காத்து ஏறி வந்திருக்கு உன் பூச்சி!"

மாடத்தி தீப்பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தாள். சுடலியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வா மதினி, கூழ் இருக்கு" என்றாள் சுடலி.

மறுவருஷம் புன்னையில் அந்து மொய்க்கிறது என்று மாசானம் ஆள்விட்டுச் சொன்னார். இரண்டு பெண்களும் வரப்பெல்லாம் பச்சை வேப்பந்தழையைக் குவித்துப் புகை மூட்டினார்கள். கீழ்க்காற்றில் வந்த கூட்டம் இறங்க இடமில்லாமல் கடந்து போனது. அந்த வருஷம் மாடத்தியின் களத்தில் சோளம் குவிந்தது.

அன்று பிடித்த சத்தியம் அந்துப்பூச்சியை இன்றுவரை விடவில்லை. எத்தனை காதம் பறந்து வந்தாலும், வழியில் தேன் குடித்த பூவின் பொடி அதன் மூஞ்சியிலேயே இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் அதை வைத்தே அது வந்த வழியைச் சொல்லிவிடுகிறார்கள்.