மொத்தையனின் விறகு அடுக்கு

ஊசிப்பாறைக் காட்டிலேயே மிகப் பெரிய விறகு அடுக்கு மொத்தையன் கரடியின் குகை வாசலில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, வாசலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நெருக்கி அடுக்கிய கட்டைகள். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அதில் முன்வரிசை மட்டும்தான் விறகு. பின்னால் இருந்ததெல்லாம் கல்!

விலங்குகள் எப்படி விறகு எரிக்கும் என்று யாராவது கேட்டால், பேசத் தெரிந்த கரடிக்கு நெருப்பு மூட்டத் தெரியாதா என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் காடு மலை உச்சியில் இருந்தது. மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து உப்புக் கொட்டியதுபோல் கிடக்கும். எல்லா வீட்டிலும் கணப்பு உண்டு. புரட்டாசியிலேயே காய்ந்த விறகைச் சேர்த்துவிட வேண்டும். பிறகு மழை பிடித்துக்கொண்டால் காட்டில் ஒரு காய்ந்த குச்சி கிடைக்காது.

அந்தப் புரட்டாசி முழுவதும் மொத்தையன் தேனடை தேடித் திரிந்தான். தேன் குடித்துவிட்டுத் தூங்கினான். எழுந்து மறுபடி குடித்தான். மாதக் கடைசியில் சடையாண்டி என்ற கருமந்தி மரத்திலிருந்து கூப்பிட்டான்.

"என்ன அண்ணே, விறகு சேர்த்தாச்சா? இல்ல, இந்த வருஷமும் எங்க வீட்டு வாசல்லதான் வந்து குந்தப் போறீங்களா?"

மொத்தையனுக்குச் சுருக்கென்றது. "ரெண்டு குளிர்காலத்துக்குச் சேர்த்து வெச்சிருக்கேன்டா! வந்து பாரு!"

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு என்ன செய்வது? இரண்டு நாள் மூச்சிரைக்க ஓடியதில் முப்பது கட்டைதான் கிடைத்தது. மூன்றாம் நாள் மழை வந்துவிட்டது. ஆற்றோரத்துக் கற்களை உருட்டி வந்து, அவற்றின் முன்னால் கட்டைகளை அழகாக அடுக்கினான். சடையாண்டி வந்து பார்த்து வாயைப் பிளந்தான். மொத்தையன் மீசையை முறுக்கினான். அவனுக்கு மீசை கிடையாது. இருந்தாலும் முறுக்கினான்.

அந்த வருஷக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. மார்கழி நடுவில் ஒருநாள் காற்று திசை மாறியது. ஓடை உறைந்தது. மத்தியானத்திலும் மூடுபனி விலகவில்லை. மொத்தையன் குகைக்குள்ளே தனியாக ஒரு சுள்ளிக்கட்டு வைத்திருந்தான். அது கண்ணெதிரே கரைந்தது. வாசலில் முப்பது கட்டை இருந்தும் அதில் கை வைக்க முடியவில்லை. ஒன்றை உருவினாலும் கல் பல்லைக் காட்டிவிடுமே!

அப்படியொரு நாள் காலையில் வெள்ளாயி என்ற முயல் வந்தாள். பாறைச் சரிவில் ஒரு வளையில் தனியாக இருப்பவள். போன வாரம்தான் மூன்று குட்டி போட்டிருந்தாள்.

"அண்ணே, என்கிட்ட இன்னும் மூணு சுள்ளிதான் இருக்கு. குட்டிங்க நடுங்குது. ஒரு பத்துக் கட்டை குடுங்கண்ணே. வெயில் வந்ததும் பொறுக்கிக் குடுத்துடறேன்."

மொத்தையன் சட்டென்று அடுக்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"இது முரட்டு விறகு, வெள்ளாயி. எரிஞ்சா பாறையே உருகும். குட்டிங்க வெந்துடும்!"

"தள்ளி உட்கார வெச்சுக்கறேன் அண்ணே."

"அதுவும் இல்லாம, தை பிறக்கிற வரைக்கும் அடுக்கைப் பிரிக்கக் கூடாது. எங்க அப்பா காலத்துச் சாங்கியம்."

"உங்க அப்பா விறகே சேர்க்க மாட்டாருன்னு எங்கம்மா சொல்லுவாங்களே?"

வெள்ளாயி குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம். மொத்தையன் தொண்டையைச் செருமினான், இருமினான், வானத்தைப் பார்த்தான்.

"சரிண்ணே. உங்களுக்கு வீணா சங்கடம் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தாவிப் போனாள்.

திட்டிவிட்டுப் போயிருந்தால் மொத்தையன் நன்றாகத் தூங்கியிருப்பான். அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதால் தேன்கூடு கனவில்கூட வரவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் குகைக்குள்ளே இரண்டே சுள்ளிகள் இருந்தன. மொத்தையனின் பற்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டன. 'சடையாண்டி வீட்டுக்குப் போய், சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக் கணப்பருகே உட்கார்ந்துவிடலாம்' என்று நினைத்தான். கிளம்பினான்.

பாதி வழியில் மூடுபனிக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் சடையாண்டி. அவனுக்குப் பின்னால் கட்டாரி என்ற காட்டுப்பன்றி. கடைசியில் முள்ளம்பன்றி ஈட்டியம்மா.

"அட, அண்ணே! உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம்!" என்றான் சடையாண்டி. கையில் ஒரு நெல்லிக்காய் வைத்திருந்தான். ஒரே ஒரு நெல்லிக்காய். "ரொம்ப நாளாச்சேன்னு பார்க்கலாம்னு..."

"எனக்கு வீட்டுல ஒரே புழுக்கம்! கணப்புச் சூடு தாங்கல. அதான் காத்தாட வந்தேன்" என்றான் கட்டாரி. அவன் மூக்கு நுனியில் பனி தொங்கிக்கொண்டிருந்தது.

ஈட்டியம்மாவின் முட்கள் சலசலவென்று அடித்துக்கொண்டன.

"நடுங்குறியா, ஈட்டியம்மா?" என்று மொத்தையன் கேட்டான்.

"சேச்சே! தாளம் போடறேன்!"

"நானும் சும்மா காலாறத்தான் வந்தேன்" என்றான் மொத்தையன். "நீங்க போங்க. நான் அப்படியே..."

"அதெப்படி? வீட்டுக்காரரே இல்லாம நாங்க எப்படி உட்கார்றது?" என்று சடையாண்டி அவன் கையைப் பிடித்து இழுத்தான். கட்டாரி பின்னாலிருந்து தள்ளினான். பின்வாங்கலாம் என்று பார்த்தால் பின்னால் ஈட்டியம்மா. முள்மீது யார் போய் மோதுவார்? மொத்தையன் தன் வீட்டுக்கே விருந்தாளிபோல் வந்து சேர்ந்தான்.

"அண்ணே, நீங்க உட்காருங்க. நானே கணப்பை மூட்டறேன்" என்ற சடையாண்டி, மொத்தையன் 'வேண்டாம்' என்று கத்துவதற்குள் அடுக்கின் நடுவிலிருந்து நல்ல தடிமனான கட்டை ஒன்றை உருவினான்.

கடகடவென்று அடுக்கு சரிந்தது. கட்டைகள் உருண்டன. கட்டைகளின் பின்னாலிருந்து கற்கள் உருண்டன. கற்களின் பின்னாலிருந்தும் கற்களே உருண்டன. ஒரு கல் கட்டாரியின் கால்மேல் போய் நின்றது.



பிறகு சடையாண்டி சிரிக்க ஆரம்பித்தான். விழுந்து புரண்டு சிரித்தான். விக்கல் வந்தது. விக்கிக்கொண்டே சிரித்தான். "அண்ணே... ரெண்டு குளிர்காலத்துக்கு... கல்லு!"

மொத்தையனுக்கு மானம் போனது. கூடவே கோபம் வந்தது. "சிரிடா! நல்லா சிரி! உன் வீட்டுல எவ்வளவு விறகு இருக்கு? சொல்லு பார்க்கலாம்!"

சிரிப்பு நின்றது. விக்கல் மட்டும் ஒன்று வந்தது.

"நாலு குச்சி" என்றான் சடையாண்டி.

"எனக்கு நேத்தே தீர்ந்துபோச்சு. காலையில கதவைப் போட்டு எரிச்சேன்" என்றான் கட்டாரி, கல்லை நகர்த்தியபடி.

"நான் என் முள்ளு நாலைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். சூடே வரல. நாத்தம்தான் வந்துச்சு" என்றாள் ஈட்டியம்மா.

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொத்தையன் மெதுவாகச் சொன்னான்: "மூணு நாளைக்கு முன்னாடி வெள்ளாயி வந்து கட்டை கேட்டா. கல்லு தெரிஞ்சிடும்னு இல்லைன்னுட்டேன்."

"எங்கிட்டயும் வந்தா" என்றான் சடையாண்டி. "வீட்டுல இல்லாத மாதிரி மரத்து மேல படுத்துக்கிட்டேன்."

"நான் கதவையே திறக்கல" என்றான் கட்டாரி.

ஈட்டியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அவகிட்ட மூணு சுள்ளிதான் இருந்துச்சு" என்றான் மொத்தையன். "மூணு நாளாச்சு."

அடுத்த நொடி அவன் சிதறிக் கிடந்த கட்டைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடினான். அத்தனை பெரிய உடம்பு அப்படி ஓடியதை அந்தக் காடு பார்த்ததில்லை. மற்ற மூவரும் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

வெள்ளாயியின் வளையிலிருந்து புகை வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் வரவில்லை. வளை வாய் குறுகல். மொத்தையனின் தலைகூட நுழையவில்லை. "தள்ளுங்கண்ணே!" என்று கட்டாரி தன் கோரைப் பற்களால் மண்ணைக் கிளறினான். உறைந்த மண் கல்லாக இருந்தது. விடாமல் கிளறினான்.

உள்ளே வெறும் சாம்பல். வெள்ளாயி மூன்று குட்டிகளையும் வயிற்றுக்குள் அடக்கிச் சுருண்டு கிடந்தாள். கண் திறந்திருந்தது. பேச முடியவில்லை. இரண்டு குட்டிகள் அசைந்தன. மூன்றாவது அசையவில்லை.

"கணப்பு மூட்டுங்கடா!" என்று கத்தினான் மொத்தையன். வெள்ளாயியையும் குட்டிகளையும் இரு கைகளால் ஏந்தினான். அப்படியே மல்லாந்து படுத்தான். அடர்ந்த ரோமத்துக்குள்ளே எல்லாரையும் வைத்து மூடிக்கொண்டான். ஈட்டியம்மா காற்றுக்குக் குறுக்கே முள்ளை விரித்து நின்றாள். நெருப்புப் பிடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு குட்டிகள் ரோமத்துக்குள் முண்டின. மூன்றாவது இன்னும் அப்படியே கிடந்தது. மொத்தையன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். 'பத்துக் கட்டை. பத்தே பத்துக் கட்டை' என்று அவன் மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"என்னாச்சு அண்ணே?" என்று சடையாண்டி பதறினான்.

"வயித்துல வெதுவெதுன்னு என்னமோ ஓடுது..."

"ரத்தமா?"

மொத்தையன் ரோமத்தை விலக்கிப் பார்த்தான். மூன்றாவது குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிம்மதியாக ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பொழச்சுட்டான்!" என்று கத்தினான் மொத்தையன். "என் மேலயே போயிட்டான்டா! பொழச்சுட்டான்!"

மூத்திரம் பட்டதற்காக அத்தனை சந்தோஷப்பட்ட கரடி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெள்ளாயிக்குப் பேச்சு வந்ததும் மொத்தையன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வெள்ளாயி, அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய். அந்த அடுக்குல இருந்தது கல்லு."

வெள்ளாயி அவன் வயிற்று ரோமத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"கல்லுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? குட்டிங்களைத் தூக்கிக்கிட்டு நேரா உங்க மடிக்கே வந்திருப்பேனே!"

மொத்தையன் குட்டிகளின்மேல் ரோமத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினான்.

அன்று மத்தியானமே எல்லாரும் கரடிக் குகைக்குக் குடிவந்தார்கள். கட்டைகள், சடையாண்டியின் நாலு குச்சி, மொத்தையனின் இரண்டு சுள்ளி, எல்லாம் ஒரே குவியல். ஐந்து வீட்டில் ஐந்து கணப்பு எரிந்திருந்தால் இரண்டு நாளில் தீர்ந்துபோயிருக்கும். ஒரே கணப்பில் ஒன்பது நாள் வந்தது. குகைக்குள் சண்டைக்குக் குறைவில்லை. கட்டாரி குறட்டை விட்டான். சடையாண்டிக்கு வால் வைக்க இடம் போதவில்லை. ஈட்டியம்மா திரும்பிப் படுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் 'ஆ!' என்று அலறினார்கள். பத்தாம் நாள் காலை மூடுபனி கிழிந்து வெயில் அடித்தது. எல்லாரும் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்து முதுகைக் காட்டினார்கள்.

இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்கிறவனால், தன்னிடம் இருப்பதைக்கூடப் பிறருக்குக் கொடுக்க முடியாமல் போகிறது.