ஓடைக்கரையில் ஒன்றும் இல்லை

"என் பக்கத்துல ஒண்ணுமே இல்ல டீச்சர். என் பேரை எடுத்துருங்க" என்றார் ஞானதிரவியம்.

மலையடிவார ஊர்களில் வெட்டுக்கிளி, சில்வண்டு கணக்கெடுக்க வந்தவள் பர்வீன். உதவ முன்வந்த ஊர்க்காரர்களுக்கு, எந்தச் சத்தம் எந்தப் பூச்சியுடையது என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஞானதிரவியத்தின் மகளைவிட இளையவள். அவருக்கு ஓடைக்கரையை ஒதுக்கியிருந்தாள்.

"தினமும் போறீங்களா அண்ணாச்சி?"

"பொழுது சாஞ்சதும் போயி பாறையில உக்காந்துருவேன். எம் பொஞ்சாதி போனப்புறம் வீட்டுல ஒரு சத்தம் இல்ல. அங்கயும் இல்ல. இதுக்கு வீட்டுலயே கெடக்கலாம்."

"முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"நூல் மில்லு. முப்பது வருசம், மிஷின் இரைச்சலுக்குள்ள."

பர்வீன் கையிலிருந்த நோட்டை மூடினாள்.

"இன்னைக்கு நானும் வாறேன்" என்றாள்.

அன்று மாலை இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் வடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல் முழங்காலில் தாளம் போடத் தொடங்கியது.

ஞானதிரவியம் அந்த விரலையே பார்த்தார்.

"எதுக்கு டீச்சர் தாளம் போடுதீக?"

பர்வீன், பூச்சி மிரளாமலிருக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சை எடுத்து, அவர் தோளை உரசி நின்ற நொச்சிச் செடிமேல் அடித்தாள்.

அவர் இலை என்று நினைத்ததற்குக் கால்கள் இருந்தன. பச்சை வெட்டுக்கிளி. முதுகின் மேல் இறக்கைகள் ஒன்றோடொன்று உரசி, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

ஒன்றுமில்லை.

"கத்துதா?"

"பாடுது அண்ணாச்சி. ஊசி மாதிரி கீச்சுச் சத்தம்."

அவர் தலையை நிமிர்த்தினார்.

"எப்பலேருந்து?"

பர்வீன் வெளிச்சத்தை அடுத்த கிளைக்கு நகர்த்தினாள். அங்கேயும் ஒரு ஜோடி இறக்கை நடுங்கியது. அதற்கடுத்த கிளையிலும். பாறைக்குப் பின்னால் புல்லுக்குள்ளும்.

வெகுநேரம் கழித்து ஞானதிரவியம் கையை நீட்டி டார்ச்சை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போங்க டீச்சர். நான் இருந்து பாத்துட்டு வாறேன்."