உப்பளத் தெருவுக்கு வந்த மகாராணி

காலை நீட்டிப் படு. போர்வையை உதைக்காதே. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டதா நினைச்சு விளக்கை அணைச்சிட்டுப் போயிட்டே இருப்பேன், எனக்கு அடுப்படியில வேலை கிடக்கு. சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு... ராஜா இல்லை. ராஜா எங்கே ஓடிப்போறார், அப்புறமா வருவார். ஒரு ஊர்ல ஒரு தெரு. அந்தத் தெருவுக்கு ஒரு பக்கம் கடல், மத்த மூணு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியா கடல் தண்ணியை நிறுத்தி வச்சா, வெயில் தண்ணியை உறிஞ்சிக் குடிச்சிட்டு உப்பை மட்டும் விட்டுட்டுப் போகும். அதைச் சரட் சரட்னு வாரி, கூடையில ஏத்தி, தலையில சுமந்து, மலை மாதிரி குவிக்கணும். அந்த நாடே அந்த உப்பாலதான் பிழைச்சுது. ராஜா தலையில இருந்த கிரீடம், மந்திரி கால்ல இருந்த செருப்பு, எல்லாமே அந்தத் தெரு சுமந்த உப்புதான்.

அந்தத் தெருவில வெயிலுகந்தாள்னு ஒரு பொம்பளை. வெயிலு, வெயிலுன்னு கூப்பிடுவாங்க. வெடுக்வெடுக்னு பேசுவா. ஆனா கை சுத்தம், மனசும் சுத்தம். அவளுக்கு ஒரே ஒரு கவலை. என்ன கவலை? தண்ணி! தெருக் கிணத்துத் தண்ணியை வாயில வச்சா நாக்கு அப்படியே சுருண்டுக்கும். அவ்வளவு உப்பு. நல்ல தண்ணி வேணும்னா மூணு கல் நடந்து மலையடிவாரச் சுனைக்குப் போகணும். ஒரு குடம் கொண்டுவர அரை நாள் ஆகும். அதனால குழந்தைங்களுக்கு மட்டும் நல்ல தண்ணி. பெரியவங்க எல்லாம் கிணத்துத் தண்ணியைக் கண்ணை மூடிட்டுக் குடிப்பாங்க. இப்போ வெயிலோட மருமக செண்பகவல்லி ஏழு மாசம். உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு அவ கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்துது. பிள்ளை பிறக்கறதுக்குள்ள இந்தத் தெருவுக்கு நல்ல தண்ணி வந்தாகணும். வெயிலுக்கு இதே நினைப்பு.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ ஒரு நாள், டும் டும் டும்! தண்டோரா. "பனிமலை நாட்டு மகாராணி நம்ம நாட்டுக்கு வர்றாங்கோ!" அந்தப் பனிமலை நாட்டுல எல்லாம் உண்டு, உப்பு மட்டும் கிடையாது. அங்கே ஆடு மாடு கூட உப்புக்கு ஏங்கிப் பாறையை நக்குமாம். அதனால உப்பு வேணும்னு கேக்கத்தான் மகாராணி வர்றா. ராஜா மகிபாலனுக்குத் தலைகால் புரியலை. ஏற்பாடெல்லாம் மந்திரி மங்களநாதர் பொறுப்பு. அவர் என்ன பண்ணினார்? ஊருக்குச் சுண்ணாம்பு அடிச்சார், மரத்துக்கும் அடிச்சார், ஓரமா நின்னுட்டிருந்த ஒரு கழுதைக்கும் அடிச்சார். அப்புறம் ரிகர்சல். ஒண்ணு இல்லை, மூணு ரிகர்சல்.

முதல் ரிகர்சல்ல மந்திரியே மகாராணி மாதிரி பல்லக்குல உக்கார்ந்து, குடை பிடிச்சிட்டு, கையை இப்படி இப்படி ஆட்டிட்டே உப்பளத்துப் பக்கம் வந்தார். பார்த்தார் தெருவை. வெயில்ல கருகின முகம், உப்பு அரிச்ச கால், கிழிஞ்ச துணி. "ஐயய்யோ! இதெல்லாம் மகாராணி கண்ணுல படலாமா? பச்சைத் துணி கட்டி மறைங்கடா!"

அப்போ வெயிலு முன்னாடி வந்தா. "ஐயா, மறைக்கிறதை மறைங்க. தூசி அடங்கணும்னு ரோட்டுல வண்டி வண்டியா சுனைத் தண்ணி தெளிக்கிறீங்களே, அதுல எங்களுக்கு நாலு குடம் ஊத்தக் கூடாதா?"

"இந்தாம்மா, அது விழாத் தண்ணி. தள்ளு."

ரெண்டாவது ரிகர்சல். தெரு நீளத்துக்கும் பச்சைத் துணி, படபடபடன்னு அடிச்சிட்டிருக்கு. மந்திரி பல்லக்கு வருது. உள்ளே இருந்து ஒரு ஆடு, "மே...!" மந்திரி பல்லக்குல இருந்து குதிச்சார். "கண்ணுக்குத்தான் மறைச்சோம், காதுக்கு யார் மறைக்கிறது? சத்தமே வரக் கூடாது!" வெயிலு துணிக்கு மேலே தலையை நீட்டினா. "ஆட்டுக்கும் தாகம்தான் ஐயா. தண்ணி விஷயம் என்னாச்சு?"

"விழா முடியட்டும், பார்க்கலாம்."

மூணாவது ரிகர்சல். ஆட்டைப் பக்கத்து ஊருக்கு அனுப்பியாச்சு. குழந்தைங்க வாயில வெல்லக்கட்டி. பெரியவங்க எல்லாரும் வரிசையா, வாய் மேல கை வச்சு, மூச்சுக்கூட விடாம நிக்கிறாங்க. பல்லக்கு வருது, வருது, பாதி தூரம் வந்துடுச்சு...

"அச்சூ!"

யார்னே தெரியலை. மந்திரி முகம் செவசெவன்னு ஆயிடுச்சு. "நாளைக்கு ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் வந்துது, தெருவையே உப்பளத்தை விட்டு விரட்டிடுவேன்! இன்னொண்ணு. நாளைக்கு மகாராணி போறவரைக்கும் ஒருத்தரும் ரோட்டுல கால் வைக்கக் கூடாது. விடியக்காலம் வந்து பாத்தியை ஒழுங்கு பண்ணிட்டு எல்லாரும் துணிக்குப் பின்னாடி போயிடணும்."

"அப்போ சுனைக்கு எப்படிப் போறது ஐயா?"

"ஒரு நாள் நல்ல தண்ணி குடிக்கலைன்னா செத்தா போயிடுவீங்க?"

வெயிலு என்ன பண்ணினா? முந்தானையை இழுத்து இடுப்புல சொருகினா. அவ்வளவுதான். அவ முந்தானையைச் சொருகினா தெருவே பயப்படும்.

"அத்தை, மகாராணி வந்தா சத்தம் போட்டுச் சொல்லிடலாமா, எங்களுக்குத் தண்ணி இல்லைன்னு?" செண்பகவல்லி கேட்டா.

"போடி! நம்ம வீட்டுக் குறையை வந்தவங்ககிட்டச் சொல்லி மூக்கைச் சிந்துறதா? ராஜா மானம் போறது இருக்கட்டும், என் மானம் போயிடும்."

ம் கொட்டு.

ம்.

மறுநாள். டமடம டமடமன்னு முரசு, பாம் பாம்னு கொம்பு, ஜல் ஜல் ஜல்னு குதிரை. வந்துட்டா மகாராணி! நல்ல உயரம், நரைச்ச முடி, நகை நட்டு அதிகம் இல்லை, கண்ணு மட்டும் ஊசி மாதிரி. பக்கத்துல ராஜா, வெல்வெட் அங்கியில வேர்த்து விறுவிறுத்து. பின்னாடி மந்திரி. கூடவே துபாஷி, அதான் ரெண்டு பாஷையும் தெரிஞ்சவர். அவர் மகாராணி பேசுறதை நமக்குச் சொல்வார், நம்ம பேசுறதை அவங்களுக்குச் சொல்வார்.

மகாராணி உப்பு மலையைப் பார்த்தா. ஒரு துளி எடுத்து நாக்குல வச்சா. கண்ணு கலங்கிடுச்சு, அவ்வளவு ருசி. "இதை யார் செய்யறாங்க?"ன்னு கேட்டா.

மந்திரி முந்திரிக்கொட்டையாட்டம் பாய்ஞ்சார். "யாரும் இல்லை மகாராணி, எங்க நாட்டுல அது தானா விளையும்."

மகாராணி குனிஞ்சு பாத்தி வரப்பைப் பார்த்தா. ஈரச் சேத்துல காலடி. பெரிய காலடி, சின்னக் காலடி, விரல் பதிஞ்சு பதிஞ்சு வரிசையா. "உங்க உப்புக்குக் கால் இருக்கா?"ன்னு கேட்டுட்டு, அந்தக் காலடியைப் பிடிச்சிட்டே விறுவிறுன்னு நடந்தா. ராஜா பின்னாடி ஓடினார். மந்திரி அவர் பின்னாடி ஓடினார். காலடி நேராப் போய்ப் பச்சைத் துணியில முட்டிச்சு. மகாராணி தன் கையாலயே, சரக்! துணியை விலக்கினா.

உள்ளே முன்னூறு பேர். எல்லார் வாயிலயும் கை. கண்ணு மட்டும் முழிமுழின்னு முழிக்குது.

மகாராணியும் நிக்கிறா, அவங்களும் நிக்கிறாங்க. கப்சிப். மந்திரி பின்னாலிருந்து விரலை ஆட்டுறார், பேசினா தொலைச்சிடுவேன்னு. வெயிலு அந்த விரலைப் பார்க்கிறா. வாயைத் திறந்தா தெருவுக்கே பிழைப்பு போச்சு. மருமக வயித்துல பிள்ளை வேற. ஆனா வாசல்ல ஒருத்தி வந்து நிக்கிறா. வெயில்ல நடந்து வந்திருக்கா. வந்தவளை "வா"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம மரம் மாதிரி நின்னா அது ஒரு வீடா?

வெயிலு வாயிலிருந்து கையை எடுத்தா.

"வாங்கம்மா. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

சொல்லிட்டா! சொன்னதுக்கப்புறம்தான் நினைப்பு வந்துது, வீட்டுல நல்ல தண்ணி ஒரு செம்பு கூட இல்லை. அவ திரும்பித் தெருவைப் பார்த்தா. தெருவுக்குப் புரிஞ்சுது. ஒருத்தி உள்ளே ஓடி, குழந்தைக்குன்னு வச்சிருந்த அரை டம்ளரைக் கொண்டுவந்தா. களுக். இன்னொருத்தி ஒரு கை அளவு. களுக். ஒரு கிழவர் மாத்திரைக்கு வச்சிருந்த நாலு மடக்கு. களுக். செண்பகவல்லி, பிள்ளைத்தாச்சின்னு தெரு அவளுக்குக் கொடுத்திருந்த ரெண்டு மடக்கைக் கொண்டுவந்தா. களுக் களுக். ஒரு செம்பு நிறைஞ்சுடுச்சு. வெயிலு அதைத் துடைச்சு, ரெண்டு கையாலயும் கொடுத்தா. மகாராணி அண்ணாந்து கடகடகடன்னு குடிச்சா. "அப்பாடா! தித்திப்பு!"ன்னா.

ராஜாவுக்குத் தொண்டை வறண்டு போச்சு. "எனக்கும் கொஞ்சம் கொடும்மா"ன்னு கையை நீட்டினார்.

"இதோ ராஜா." வெயிலு நேராக் கிணத்துக்குப் போனா. ஒரு செம்பு நிறைய மொண்டு வந்து, அதே மாதிரி துடைச்சு, அதே மாதிரி ரெண்டு கையால கொடுத்தா.

ராஜா ஒரு மடக்கு குடிச்சார். க்ளக். அவர் புருவம் ரெண்டும் கிரீடத்துக்குள்ள போயிடுச்சு! துப்பவும் முடியலை, முழுங்கவும் முடியலை. மகாராணி பார்த்துட்டிருக்காளே! முழுங்கினார். "என்னம்மா இது?"ன்னு மெதுவாக் கேட்டார்.

"வந்தவங்களுக்கு நல்ல தண்ணி கொடுத்தோம் ராஜா. நீங்க விருந்தாளியா? நம்ம வீட்டு ஆளாச்சே. வீட்டு ஆள் என்ன குடிக்கிறாங்களோ அதைத்தானே உங்களுக்கும் கொடுக்கணும்."

ராஜா சுத்திப் பார்த்தார். வீங்கின கால்களைப் பார்த்தார். வெடிச்ச உதட்டைப் பார்த்தார். காலியான டம்ளர்களைப் பார்த்தார். ரெண்டாவது மடக்கு குடிச்சார். க்ளக். கண்ணுல தண்ணி முட்டிச்சு, உப்பாலயா வேற எதுலயான்னு யாருக்குத் தெரியும். மூணாவதா செம்பை அப்படியே கவுத்துக் குடிச்சு முடிச்சார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை. அதுக்காக அவரை ராஜான்னு ஒத்துக்கலாம்.

"மந்திரியாருக்கும் ஒரு செம்பு கொண்டு வரட்டுமா?"

"எனக்குத் தாகமே இல்லைம்மா! பொறந்ததிலிருந்தே இல்லை!"

"அந்தம்மா ராஜாகிட்ட என்ன சொன்னாங்க?"ன்னு மகாராணி துபாஷியைக் கேட்டா. துபாஷி உள்ளதை உள்ளபடி சொன்னார். மகாராணி அந்தக் காலிச் செம்பைப் பார்த்தா, கிணத்தைப் பார்த்தா, ராஜா முகத்தைப் பார்த்தா. அவளும் ஒரு வீட்டை நடத்துறவதானே, எல்லாம் புரிஞ்சுது. ஆனா ஒண்ணும் கேக்கலை, ஐயோ பாவம்னு ஒரு பார்வை கூடப் பார்க்கலை. "என் நாட்டுல முப்பது வருஷமா நான் ராணி. ஒருத்தர் கூட என்னை வீட்டு ஆள்னு சொன்னதில்லை. நீங்க கொடுத்துவச்சவர், ராஜா"ன்னு மட்டும் சொன்னா. வெயிலு கழுத்தை நிமிர்த்தி நின்னா பாரு, அந்த முன்னூறு பேரும் ஒரு முழம் வளர்ந்த மாதிரி நின்னாங்க.

முழிச்சிட்டுதான் இருக்கியா?

ம்... அப்புறம்?

அப்புறம் அரண்மனை. "உங்க உப்புக்குப் பதிலா என் நாட்டிலிருந்து என்ன வேணும், கேளுங்க"ன்னா மகாராணி. மந்திரி உடனே ஓலையை விரிச்சார். "வெள்ளைக் குதிரை, ரத்தினக் கம்பளம், அரண்மனை மண்டபத்துக்குத் தேவதாரு மரம்..."

ராஜா நாக்குல இன்னும் உப்பு போகலை. ஓலையைப் பிடுங்கிச் சுருட்டினார். "உங்க நாட்டுல யானைத் துதிக்கை பருமனுக்கு மூங்கில் இருக்காமே? அது வேணும். மூணு கல் நீளத்துக்கு."

"மூங்கிலா? குதிரை வேண்டாமா?"ன்னார் மந்திரி.

"குதிரை வந்தா அதுக்கும் யாராவது தண்ணி சுமக்கணும்"னார் ராஜா. மகாராணி சிரிச்சிட்டே முத்திரை வச்சா. மூங்கிலைத் துளைச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்க்கத் தெரிஞ்ச ஆளுங்களையும் சேர்த்து அனுப்பறேன்னா. அவ நாட்டு ஆட்டுக்கு உப்பு ஆச்சு, நம்ம தெருவுக்குத் தண்ணி ஆச்சு. ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டுக்கு வர்றதுன்னா அதுல இப்படி ஏதாவது விளங்கணும். சும்மா மாலை போட்டு, கையை ஆட்டிட்டுப் போறதுக்கா அத்தனை சுண்ணாம்பு?

ரெண்டே மாசம். கப்பல் கப்பலா மூங்கில் வந்துது. சுனையிலிருந்து தெருவரைக்கும் தலையும் தலையும் சேர்த்துக் கட்டினாங்க. செண்பகவல்லிக்கு வலி எடுத்துப் பொண்ணு பிறந்த அன்னைக்குக் காலையில, குழாய்ல முதல்ல உஸ்ஸ்னு காத்து வந்துது, அப்புறம் ஒரு தவளை வந்துது, அப்புறம் குபுகுபுகுபுன்னு தண்ணி! தெருவே குடத்தை எடுத்துட்டு ஓடியாந்துது. மந்திரி மாலையும் மேளமுமா வந்தார், திறந்து வைக்கணுமாம். "அது திறந்து ரெண்டு நாழிகை ஆச்சு, ஓரமா நில்லுங்க, பிள்ளைக்கு வெந்நீர் வைக்கணும்"னு அனுப்பிட்டா வெயிலு.

ராஜா தனியா, மேளம் இல்லாம, நடந்தே வந்தார். வெயிலு ஒரு செம்பு பிடிச்சு, துடைச்சு, ரெண்டு கையாலயும் நீட்டினா. ராஜா அண்ணாந்து வாயில ஊத்திட்டே, "ஏம்மா, இன்னைக்கு நான் விருந்தாளியா, வீட்டு ஆளா?"ன்னார்.

"குடிக்கிறப்போ பேசாதீங்க ராஜா," வெயிலு அவர் தலையில லேசாத் தட்டினா, "புரையேறும்."

அவ்வளவுதான். தெருவுக்குத் தண்ணி வந்தாச்சு, கதைக்கு முடிவு வந்தாச்சு, உனக்குத் தூக்கம் வந்தாச்சு. "ம்" கொட்டினது போதும், கண்ணை மூடு.