கட்டியத்துக்கு ஏற்ற சத்தம்

முன்னொரு காலத்தில் மன்னர் ஒருவர் இருந்தார். படை பெரிது, மீசை அதைவிடப் பெரிது. குரல் மட்டும் கீச்சென்று இருக்கும்.

அந்த நாட்டில் மன்னர் சபைக்குள் நுழையும்போது கட்டியக்காரன் தடியைத் தட்டி அவர் புகழைக் கூவுவது வழக்கம். ஒருநாள் மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது.

"கட்டியத்தில் என் குரலையும் சேருங்கள். இருப்பதிலேயே பெரிய சத்தத்தைச் சொல்லும் சொல்லாக இருக்கட்டும்!"

அவைப்புலவர் திருமேனியார் முந்திக்கொண்டு, 'இடியென முழங்கும் கோமான்' என்று எழுதிக் கொடுத்தார். கட்டியக்காரன் அதைக் கூவி முடித்ததும் மன்னர் அமர்ந்து, "எல்லோரும் நலமா?" என்று கீச்சிட்டார். சபை உதட்டைக் கடித்துக்கொண்டது. மறுநாள் 'சிங்கமெனக் கர்ஜிக்கும் கோமான்.' அடுத்த நாள் 'களிறெனப் பிளிறும் கோமான்.' அன்று சேனாதிபதியே திடீரென்று இருமியபடி வெளியே ஓடினார்.

மன்னரின் முகம் சிவந்தது. திருமேனியார் பணிவாகக் குனிந்தார்.

"சொல்லில் குறையில்லை, அரசே. சபையைச் சிரிக்கப் பழக்கியவர் விகடகவி கூத்தன்தானே? அவரே நல்ல சொல்லாகத் தேடித் தரட்டும்."

"அப்படியே ஆகட்டும். கூத்தரே, நாளைக்குள் சொல் வர வேண்டும். சபை சிரித்தால் நீர் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்!"

கூத்தன் யோசித்தபடி ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். பெரிய சத்தத்தைக் குறிக்கும் சொல்லுக்கா பஞ்சம்? ஆனால் ஒவ்வொரு சொல்லோடும் அதற்கு உரியவரும் சேர்ந்தே வருகிறாரே! அலறுவது அஞ்சியவன். ஓலமிடுவது எல்லாம் இழந்தவன். இரைச்சலுக்குப் பொருள் கிடையாது. கூச்சலுக்கோ மரியாதை கிடையாது. மன்னரை எந்தச் சொல்லில் உட்கார வைப்பது? சரி, கௌரவமான சொல்லாகவே போட்டாலும், சொல் பெருக்கப் பெருக்கக் குரல் இன்னும் சிறுத்துத் தெரிகிறது. இந்த முடிச்சுதான் அவருக்கு அவிழவில்லை.

மதகருகே ஓர் உழவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பெரியவரே, இப்படி உட்கார்ந்துவிட்டீர்?"

"ராசா படகு விடணும்னு மதகை அடைச்சுட்டாங்க சாமி. பயிரு கருகுது. சபையில சொல்றதுக்கு எங்களுக்கு ஆளு ஏது? தண்ணி மட்டும் வரட்டும், நாங்க போடுற சத்தத்துல உங்க அரண்மனை ஓடு பறந்துடும்!"

கூத்தன் சட்டென்று நின்றார். கர்ஜிக்க ஒரு சிங்கம் போதும், பிளிற ஒரு யானை போதும். ஆர்ப்பரிப்பதற்கோ ஊரே கூட வேண்டும்!

மறுநாள் மன்னரையும் சபையாரையும் ஏரிக்கரைக்கே அழைத்து வந்தார். ஊரும் திரண்டிருந்தது.

"அரசே, தங்கள் சொந்தக் குரலில் இரண்டே சொல் சொல்லுங்கள். 'மதகைத் திறந்துவிடுங்கள்.'"

"படகு விழா என்னாவது? அரசே, இது ஏமாற்று வேலை!" என்று குதித்தார் திருமேனியார்.

"புலவரே, எழுதின சொல்லை ஒருமுறையாவது சோதித்துப் பார்த்திருக்கிறீரா? நான் சோதித்துவிட்டுத்தான் எழுதுவேன்."

மன்னர் வயல்களைப் பார்த்தார். பயிர் கருகிக் கிடந்தது. பிறகு, "மதகைத் திறந்துவிடுங்கள்" என்று கீச்சிட்டார்.

பறையறைவோன் அதை வாங்கிச் சொன்னான். மதகுப் பலகை எழும்பியது, தண்ணீர் பாய்ந்தது. ஊர் ஆர்ப்பரித்தது! மரத்துப் பறவைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. திருமேனியார் ஏதோ கத்திக்கொண்டே இருந்தார். வாய் மட்டும் மீன்போல் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்து மன்னர் கீச்சுக் கீச்சென்று சிரித்தார். சபையும் இப்போது அச்சமின்றி அவரோடு சேர்ந்து சிரித்தது.

"சொல் எங்கே, கூத்தரே?"

"இத்தனை நாள் சத்தத்தைத் தங்கள் வாயில் வைத்தோம், அரசே. பிழை அதுதான். கேட்கிறவர்கள் வாயில் வைத்தால் போதும்."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அன்றுமுதல் கட்டியக்காரன் இப்படிக் கூவினான்:

"மன்னர் மெல்லச் சொல்வார், நாடு ஆர்ப்பரிக்கும்!"