சட்டுவழியும் மூங்கில் புதரும்

மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கிக்கொண்டிருக்கிறேன். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். என் மகள் சுடர் பக்கத்தில் உட்கார்ந்து தோலை எல்லாம் என் புடவையில் ஒட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க்கில் கூடுதல் காசு கட்டியவர்கள் தனி வழியில் எங்களைத் தாண்டிப் போனதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "நாமதானே முன்னாடி வந்தோம்? அவங்க ஏன் நமக்கு முன்னாடி போனாங்க?" எனக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. கதையாகச் சொன்னேன்.

ஒரு காட்டில் வழுக்குப் பாறை ஒன்று இருந்தது. மேலேயிருந்து ஓடை வழியும். பாறை முழுக்கப் பாசி. உச்சியில் உட்கார்ந்தால் போதும், சர்ரென்று கீழே குளத்தில் போய் விழலாம். எல்லா மிருகங்களும் "ஆ! ஊ!" என்று கத்திக்கொண்டு சறுக்கும்.

பாறைக்கு ஏற ஒரே வரிசை. அந்த வரிசை மூங்கில் புதரை ஒட்டிப் போகும். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெருசு, ஒரு சிறுசு, ஒரு பெருசு, ஒரு சிறுசு என்றுதான் நிற்க வேண்டும். யானைக்குப் பின்னால் அணில். அணிலுக்குப் பின்னால் காட்டெருமை. ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. அப்படித்தான் நின்றார்கள்.

வரிசையைப் பார்த்துக்கொண்டது ஒரு மந்தி. ஒரு நாள் அதற்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. நேராக உச்சிக்குப் போகும். மந்தி அதன் வாயில் ஒரு கொடியைக் குறுக்கே கட்டியது.

"இது சட்டுவழி! முழுப் பலாப்பழம் கொண்டு வந்தா காத்திருக்க வேண்டாம்! நேரா மேலே போகலாம்!"

யானை கொண்டு வந்தது. காட்டெருமை கொண்டு வந்தது. காட்டுப்பன்றிகூட உருட்டிக்கொண்டு வந்தது. முயல் பலாச்சுளையைத் தூக்கும். பலாவைத் தூக்குமா?

பெருசுகள் எல்லாம் சட்டுவழிக்குப் போய்விட்டன. பழைய வரிசையில் சிறுசுகள் மட்டும் நின்றன.

அந்த வரிசையில் ஒரு சருகுமான், தன் குட்டியோடு. சருகுமான் என்றால் முயல் அளவுதான் இருக்கும். குட்டியோ கைக்குள் அடங்கிவிடும். விடிந்ததிலிருந்து நின்றார்கள். பொழுது சாயப் போகிறது. நாலு அடிகூட நகரவில்லை.

"அம்மா, நம்ம முறை எப்ப வரும்?"

"வரும் சாமி. இவ்வளவு நேரம் நின்னுட்டோம். இப்பப் போனா இடம் போயிடும்."

சருகுமானுக்குப் பின்னால் முயல். முயலுக்குப் பின்னால் காட்டுக்கோழி. அதற்குப் பின்னால் உடும்பு. அதற்கும் பின்னால் யார் யாரோ.

சந்தில் காட்டெருமை போவதைச் சருகுமான் பார்த்தது. கூச்சத்தை விட்டுக் கூப்பிட்டது. "மாமா! முன்னெல்லாம் எங்க பின்னாடிதானே நிப்பீங்க? இன்னைக்கும் வந்து நில்லுங்களேன். என்னமோ பயமா இருக்கு!"

"பழம் குடுத்துட்டேனே, தாயி! நான் எதுக்கு நிக்கணும்?" என்று காட்டெருமை சிரித்துக்கொண்டே போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முயல் சொன்னது, "அக்கா! வரிசை குறையுது!"

"அப்படியா? முன்னாடி நகரலையே!"

"பின்னாடி குறையுது. உடும்புக்குப் பின்னாடி நின்னவங்களைக் காணோம், உடும்பையும் காணோம். சலிச்சுப்போய் வீட்டுக்குப் போயிருப்பாங்க. போகட்டும், நமக்குக் கூட்டம் குறைஞ்சது!"

இன்னும் கொஞ்ச நேரம். காட்டுக்கோழி கொக்கரித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று நிறுத்திவிட்டது.

"கோழியும் போயிருச்சா?" என்று கேட்டது சருகுமான்.

"போயிருக்கும். அதுக்குப் பொறுமையே கிடையாதுக்கா" என்றது முயல். ஆனால் அதன் மூக்கு வேகமாகத் துடித்தது. சொல்லிவிட்டு அது சருகுமானை ஒட்டி நெருங்கி நின்றது.

சுடர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கோழி வீட்டுக்குத்தானே போச்சு?" நான் மொச்சையைப் பிதுக்கினேன்.

குட்டி மான் கேட்டது, "அம்மா, முயல் சித்தி எங்கே?"

சருகுமான் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. முயல் நின்ற இடத்தில் புல் மட்டும் மடங்கிக் கிடந்தது. இப்போது வரிசையில் கடைசி ஆள் சருகுமான்தான்.

காற்றே இல்லை. ஆனால் ஒரே ஒரு மூங்கில் மட்டும் மெல்ல அசைந்தது.

சருகுமான் பின்னங்காலால் சருகைத் தட்டியது. தடதடதடவென்று தட்டியது. அவர்கள் சாதியில் ஆபத்து என்றால் அப்படித்தான் சொல்வார்கள்.

முன்னால் நின்ற கீரி சீறியது. "ஏம்மா உதைக்கிற? உனக்கு மட்டுந்தான் அவசரமா? நாங்களும் காலையிலேருந்து நிக்கிறோம்!"

"பின்னாடி பாருங்க! யாரும் வீட்டுக்குப் போகல!"

யாரும் திரும்பவில்லை. திரும்பினால் இடம் போய்விடுமோ என்று பயம். உச்சியில் யானை சறுக்கிக்கொண்டு "ஊ!" என்று கத்தியது. அந்தச் சத்தத்தில் சருகுமானின் குரல் எங்கே கேட்கும்?

புதருக்குள் இரண்டு மஞ்சள் கண்கள்.

சருகுமான் நாளெல்லாம் காத்த இடத்தை விட்டது. குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு சட்டுவழிக்கு ஓடியது.

மந்தி கொடியை இறுக்கிப் பிடித்தது. "பலா எங்கே?"

"சிறுத்தை! சிறுத்தை!"

"உள்ளே நுழையறதுக்கு எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை சொல்றீங்க! போ, வரிசையில நில்லு!"

அப்போது மூங்கில் விலகியது. மந்தி பார்த்தது. அவ்வளவுதான், பலாக் குவியலை விட்டுவிட்டு மரத்தின் நுனிக்குப் போய்விட்டது.

சருகுமானும் குட்டியும் சந்துக்குள் பாய்ந்தார்கள். அங்கே, இன்னொரு பலா கொடுத்து மறுபடி ஏறிக்கொண்டிருந்த காட்டெருமை இருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கினார்கள்.

"மாமா, திரும்புங்க! கொம்பைக் காட்டுங்க!"

காட்டெருமை திரும்ப முயன்றது. சந்து ஒடுக்கம். கொம்பு பாறையில் இடித்தது. முன்னால் போகலாம், திரும்ப முடியாது. அதன் பின்புறம் முழுக்க வெளியே திறந்து கிடந்தது. பின்னால் துணைக்கு யாரும் இல்லை.

சிறுத்தை தாவி அதன் முதுகைக் கிழித்தது. காட்டெருமை அலறியது. உச்சியில் இருந்தவர்கள், "பாரு, மாமா எவ்வளவு சந்தோஷமாக் கத்துறார்!" என்றார்கள்.

காட்டெருமை கண்ணை மூடிக்கொண்டு பின்னங்காலால் உதைத்தது. மறுபடி உதைத்தது. ஒரு உதை சரியாகப் பட்டது. சிறுத்தை உருண்டு எழுந்து, நொண்டிக்கொண்டே மூங்கிலுக்குள் போய் மறைந்தது. சாகவில்லை. போய் மறைந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பலாப்பழங்கள் சட்டுவழியில் ஈ மொய்த்துக் கிடந்தன. மந்தி மரத்தை விட்டு இறங்கவே இல்லை. காட்டெருமை தாங்கித் தாங்கி நடந்து வந்து, பழைய வரிசையில் சருகுமானுக்குப் பின்னால் நின்றது.

"மாமா, உங்ககிட்ட பலா இல்லையா?" என்று கேட்டது குட்டி.

"நிறைய இருக்கு கண்ணு. எனக்குப் பின்னாடி நிக்கத்தான் ஆள் இல்லை."

காட்டெருமைக்குப் பின்னால் கீரி வந்து நின்றது. கீரிக்குப் பின்னால் யானை வந்து நின்றது. இந்த முறை எல்லாரும் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

கூட நிற்பவர்களைத் தாண்டிப் போக விலை கொடுக்கிறவன், தன் முதுகுக்குக் காவலாக நின்றவர்களையும் சேர்த்தே இழந்துவிடுகிறான்.

சுடர் என் புடவையில் ஒட்டிய தோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு, "அப்ப முயல் சித்தி?" என்றாள்.

"தமயந்தி! தண்ணி லாரி வந்துருச்சு! குடத்தோட ஓடியா, வரிசை நீளுது!" என்று தெருவிலிருந்து குரல்.

"இதோ வரேன்க்கா! சுடர், நீயும் வா, என் பின்னாடியே நில்லு. முயல் சித்தி வந்து கண்ணு, அந்த மூங்கிலுக்கு அந்தப்பக்கம்..." பாதியில் விட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.