தேவசகாயம் அண்ணாச்சியின் காகிதச் சோதனை

பன்னிரண்டு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் என் டாக்ஸிக்கு எஃப்.சி. சோதனை. இன்று தவறினால் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. வீட்டில் உலை வைப்பதும் கஷ்டம். வண்டியோ புகை கக்கியது, இன்ஜினில் எல்லா மூட்டிலும் ஆயில் கசிந்தது. தேவசகாயம் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். தூத்துக்குடியில் அவரை விட்டால் நல்ல மெக்கானிக் கிடையாது. இதைச் சொன்னவரும் அவர்தான்.

"பிரீதர் அடைப்பா இருக்கும்வே. இன்ஜின் மூச்சு விடுத குழாய். இன்ஜின ஓடவிட்டு, ஆயில் மூடியத் திறந்து, ஓட்டை மேல காகிதத்த வைக்கணும். ஒட்டுச்சுன்னா சரி, தூக்கி அடிச்சா அடைப்பு. ஒருக்க ஒரு வேன்ல வச்சேன். காகிதத்த உள்ள இழுத்துட்டு. சைலன்சர் வழியா வெளிய வந்து விழுந்துது, இஸ்திரி போட்டாப்ல."

"அண்ணாச்சி, மணி பதினொண்ணு..."

"பொறும்வே. இன்னொரு லாரி, முழு அடைப்பு. தூக்கி அடிச்சுது பாரும், காகிதம் கொழும்புல போய் விழுந்துட்டு. அங்க இருக்க மச்சான் போன் போட்டு, வந்து சேந்துட்டுன்னான்."

பக்கத்து வெல்டர் மைதீன் தலையைத் தூக்கினார். "அட்ரஸ் எழுதியிருந்தீரோ?"

"எழுதாமலா அனுப்புவேன்?" அண்ணாச்சி முகத்தில் சிரிப்பே இல்லை. "பெறவு ஒரு ஜீப். குழாயச் சுத்தம் பண்ணி மூடியத் திறந்தேன். இழுத்த இழுப்புல காத்து தீந்து, கயத்தாறு கரண்டு காத்தாடி அம்புட்டும் நின்னுட்டு. கரண்டு ஆபீசர் வந்து, அண்ணாச்சி மூடியப் போடுங்க, ஊரே இருட்டாயிட்டுன்னு கையெடுத்துக் கும்பிட்டார்."

நான் பானட்டைத் தூக்கினேன். "என் வண்டியப் பாருங்க அண்ணாச்சி!"

பார்த்தார். மூடியைத் திறந்து காகிதத்தை வைத்தார். அசையாமல் இருந்தது. "பாத்தீரா இழுப்ப? யானை கட்டி இழுத்தாலும் வராது. அடைப்பே இல்ல, கிளம்பும்."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல அண்ணாச்சி. சாவி என் சட்டப் பையில இருக்கு."

அவர் அசரவில்லை. "ஸ்டார்ட் பண்ணாமலே இந்த இழுப்புன்னா, பண்ணினா என்ன ஆவும்னு யோசியும்."

யோசிக்க நேரமில்லை, ஸ்டார்ட் பண்ணினேன். காகிதம் ஆயிலோடு எகிறி அவர் நெற்றியில் அப்பிக்கொண்டது.

"அடைப்புதான். நான்தான் முதல்லயே சொன்னேம்லா" என்றபடி குனிந்தார். குழாயைக் கழற்றி, கரியைச் சுரண்டி, திரும்ப மாட்ட ஏழே நிமிடம்தான் ஆனது. குழாயின் கிளிப்பைப் பல்லில் கடித்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை.